முதுகில் பை, பக்கத்தில் துணை

தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் தம்பதியாகப் போய்வருவது நம் ஊரில் இப்போது புதிதில்லை. "4 இரவு, 5 பகல், காலை உணவு உட்பட" என்று டிராவல்ஸ்காரர் நீட்டும் தாளிலேயே எல்லாம் இருக்கும். வேன் எத்தனை மணிக்கு வரும், எங்கே இறங்கிப் படம் எடுக்கலாம், இந்தியச் சாப்பாடு எந்த ஓட்டலில் என்று ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள். முதல்முறையாகக் கடல் கடக்கும் பெற்றோருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் கணவனும் மனைவியும் மட்டும் ஆளுக்கொரு பையை முதுகில் மாட்டிக்கொண்டு, ரயிலும் படகுமாக அதே நாடுகளைக் கடந்து பார்க்க வேண்டும். நம் குடும்பங்களில் இருவர் மட்டும் உட்கார்ந்து எடுத்த முடிவு என்று எதைச் சொல்ல முடியும்? மண்டபம், முகூர்த்தம், வாங்கும் வீடு, பிள்ளைக்குப் பள்ளி, தீபாவளிக்கு எந்த ஊர், எல்லாவற்றிலும் பத்துப் பேருடைய சொல் இருக்கும். மலேசியா-தாய்லாந்து எல்லையிலுள்ள பாதாங் பெசார் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு இன்றைக்கே இரவு ரயில் ஏறுவதா, தாய்லாந்துப் பக்கத்து ஹட் யாய் நகரில் ஒரு நாள் தங்குவதா என்று யோசிக்கும்போது அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. இதற்காகத்தான் இந்தப் பயணத்தைத் தம்பதிகளுக்குச் சொல்கிறேன். செலவு குறைவு என்பது இரண்டாவது காரணம்.

இந்தத் தடத்துக்கு முதலில் பெயர் வாங்கிக் கொடுத்ததும் ஒரு தம்பதிதான். டோனி வீலரும் மொரீன் வீலரும் 1972-இல் லண்டனிலிருந்து தரைவழியாக ஆசியாவைக் கடந்து ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த அனுபவத்தைச் சிறு நூலாக்கினார்கள். பிறகு மோட்டார் சைக்கிளில் தென்கிழக்கு ஆசியாவைச் சுற்றி, சிங்கப்பூரில் ஒரு மலிவு விடுதி அறையில் தங்கி எழுதிய 'சவுத் ஈஸ்ட் ஏசியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' 1975-இல் வந்தது. லோன்லி பிளானட் என்ற அவர்களுடைய பயண நூல் நிறுவனம் நிலைத்ததற்கு அந்த மஞ்சள் அட்டைப் புத்தகம் முக்கியக் காரணம். எந்த விடுதியில் கொசுவலை கிழியாமல் இருக்கும், எந்தப் படகு எங்கிருந்து கிளம்பும் என்று இரண்டு பேர் சேர்ந்து விசாரித்துக் குறித்ததை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே இந்தப் பக்கம் நடந்தது.

நமக்கு இப்போது வழி இன்னும் எளிது. இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அனுமதித்தது. அதற்குச் சில வாரம் முன்பு தாய்லாந்தும் கதவைத் திறந்தது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானமும் வந்துவிட்டது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகிறவை. டிக்கெட் எடுக்கும் முன் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரு நாடுகளுமே வருகைப் படிவத்தை இணையத்தில் முன்கூட்டியே நிரப்பச் சொல்கின்றன.

இருவராகப் போவதில் கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஹாஸ்டலில் இரண்டு டார்ம் படுக்கைக்குக் கொடுக்கும் காசில், பக்கத்துக் கெஸ்ட் ஹவுஸில் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு விசிறி அறை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஸ்கூட்டர் வாடகையும் டாக்சிக் கட்டணமும் பாதியாகும். ஒருவர் கழிவறைக்குப் போனால் பைக்கு இன்னொருவர் காவல். தனியாகச் சுற்றுகிறவர்கள் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் இதற்காகத்தான் தவிக்கிறார்கள்.

சூலியா தெருவிலிருந்து

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் தொடங்குங்கள் என்பேன். முதுகுப்பைப் பயணிகள் காலங்காலமாகத் தங்கும் தெருவுக்குப் பெயர் சூலியா தெரு. இங்கே வந்து வணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த பெயர் அது. அவர்கள் எழுப்பிய நாகூர் தர்கா இன்னமும் அந்தத் தெருவிலேயே இருக்கிறது. 1801-இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1833-இல் எழுந்த குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தொலைவுதான். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கடலுக்குள் கால் ஊன்றிய மரவீடுகளில் சீனக் குலங்கள் வசிக்கும் படகுத்துறைகள். 2008-இல் யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து இந்த நகரத்தையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. அறைக்கு வெளிநாட்டவரிடம் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியாக வாங்குவார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே தொடங்கச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதுகுப்பைப் பயணத்தின் முதல் சில நாட்கள் கடினமானவை. எங்கே சாப்பிடுவது, எப்படிக் கேட்பது என்ற கூச்சம் விலக வேண்டும். இங்கே தமிழிலேயே கேட்கலாம். நாசி கண்டார் கடையில் தட்டோடு நின்றால், "எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்தவா, தங்கச்சி?" என்று கேட்கிறார் கடைக்காரர். பஞ்சிர் என்று சொன்னால் சோறு மிதக்கும் அளவுக்கு ஊற்றுவார்கள். என் கணவர் சைவம். அவருக்குப் பக்கத்துச் சந்தில் வாழையிலைச் சாப்பாடு கிடைத்தது, எனக்கு மீன்தலைக் கறி. இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்பதில்லை என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டோம். அந்த ஏற்பாடு பயணம் முழுவதும் கைகொடுத்தது. தாய்லாந்துக்குள் போனபின் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து பறக்கும் 'ஜே' கடைகளைத் தேடிப் போவார். மற்றக் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விழுந்திருக்கும் என்பதால் சைவர்களுக்கு அந்தக் கொடிதான் நம்பகம்.

கீழ்ப் படுக்கையும் மேல் படுக்கையும்

படகில் எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்குக் கடந்து, அங்கிருந்து ரயிலில் பாதாங் பெசார். மலேசியக் குடிநுழைவும் தாய்லாந்துக் குடிநுழைவும் ஒரே நிலையக் கட்டடத்துக்குள் இருக்கின்றன. ஒரு சன்னலில் முத்திரை வாங்கிச் சில அடி நடந்தால் அடுத்த நாடு. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். ஹட் யாய்க்கு வடக்கே போகும் வழியில் அச்சமில்லை. அதற்குத் தென்கிழக்கே உள்ள பட்டானி, யாலா, நராத்திவாட் மாகாணங்களில் 2004 முதல் ஆயுதமோதல் நீடிப்பதால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

தாய்லாந்து இரவு ரயிலின் இரண்டாம் வகுப்பு ஏசி பெட்டி தம்பதிகளுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். எதிரெதிராக இரண்டு இருக்கைகள், நடுவில் சன்னல். இரவானதும் பணியாளர் வந்து அந்த இரண்டையும் இழுத்துக் கீழ்ப் படுக்கையாக்குவார், மேலே மடித்து வைத்ததை இறக்கி மேல் படுக்கையாக்குவார், வெள்ளை விரிப்புப் போட்டுத் திரை மாட்டிவிட்டுப் போவார். கீழ்ப் படுக்கை அகலம் அதிகம், கட்டணமும் சற்று அதிகம். ரயிலில் மது 2014 முதல் தடை. அதனால் பெட்டி அமைதியாக இருக்கும். ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம்.

தீவுகளுக்கு இறங்க வேண்டியவர்கள் சூரத் தானியில் இறங்குவார்கள். ரயில் நிலையம் ஊருக்கு வெளியே புன்பின் என்ற இடத்தில் இருக்கிறது, படகுத்துறை அதைவிடத் தள்ளி. வேகப் படகுகள் பகலில் உண்டு. நான் பரிந்துரைப்பது ஊருக்குள் இருக்கும் ஆற்றுத்துறையிலிருந்து இரவில் கிளம்பும் சரக்குப் படகை. கீழே காய்கறிக் கூடைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும். மேல்தளத்தில் வரிசையாகப் போட்ட மெத்தைகள், ஒவ்வொன்றுக்கும் எண். பக்கத்து மெத்தையில் படுத்திருப்பவர் நம் துணையாக இருப்பது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத் தெரியும். விடியும்போது தீவில் இறங்கலாம்.

எப்போது போவது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். சென்னையை ஐப்பசி, கார்த்திகையில் நனைக்கும் அதே வடகிழக்குப் பருவமழைதான் சமூய், பங்ஙான், தாவ் தீவுகள் இருக்கும் தாய்லாந்து வளைகுடாப் பக்கத்தையும் நனைக்கிறது. நவம்பரில் படகுகளே நின்றுபோகும் நாட்கள் உண்டு. மறுபுறம் புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடற்பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். ஆகவே நம் கோடை விடுமுறையில் கிளம்புகிறவர்களுக்கு வளைகுடா, கிறிஸ்துமஸ் பொங்கல் விடுமுறைக்காரர்களுக்கு அந்தமான். விளம்பரத்தில் பார்த்த கடற்கரைக்காகத் தவறான மாதத்தில் போய் அறைக்குள் அடைந்து கிடந்த ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன்.

நீருக்கடியில் பேச்சில்லை

கோ பங்ஙான் தீவுக்கு ஹாட் ரின் கடற்கரையில் நடக்கும் பௌர்ணமிக் கொண்டாட்டத்தால் பெயர். அந்த நாளில் விடுதி வாடகையும் கூட்டமும் ஏறிவிடும், அதைத் தவிர்த்து வட கரைக்குப் போனால் அமைதியான தீவு. தான் சாதெட் அருவிப் பாறைகளில் ஐந்தாம் ராமர் சுலாலங்கோன் மன்னர் தம் பெயரெழுத்தைப் பொறிக்கச் செய்திருக்கிறார். ஒரு பகல் அங்கே போதும்.

கோ தாவ் வேறு. ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர்தான். 1940-களில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த தீவு. இன்று உலகெங்கிலிருந்தும் ஸ்கூபா டைவிங் கற்க இங்கே வருகிறார்கள். போட்டி அதிகம் என்பதால் கட்டணம் குறைவு, பல பள்ளிகள் பயிற்சியோடு அறையும் தருகின்றன. மூன்று நான்கு நாள் படிப்பு முடித்தால் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கச் சான்றிதழ் கிடைக்கும். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறங்க முடியாது. படிவத்தில் உண்மையை எழுதிவிடுங்கள்.

எனக்கு ஆழத் தண்ணீர் என்றால் பயம். எங்கள் ஊர்க் கிணற்றில் தம்பிகள் குதிக்கும்போது படியிலேயே உட்கார்ந்திருந்தவள் நான். "பயமா இருந்தா நீ மேலேயே இரு, நான் மட்டும் போறேன்" என்றார் கணவர். அக்கறையோடு சொன்னதுதான். "நீங்க போங்க, நானும் வர்றேன்" என்றேன். முதல் நாள் ஆழமில்லாத நீரில் பயிற்சி. அங்கே பயிற்சியாளர் எங்கள் இருவரையும் பிரித்து வேறு வேறு ஆட்களோடு ஜோடி சேர்த்தார். தம்பதியாக வருகிறவர்களில் ஒருவர் மற்றவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், தன் காற்றளவைப் பார்க்க மறந்துவிடுவார் என்று காரணம் சொன்னார். முதலில் தனியாக மூச்சுவிடக் கற்றுக்கொள்ளுங்கள், பிறகு சேர்த்துவிடுகிறேன் என்றார். அந்த நாளில் முகமூடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகினேன். பக்கத்தில் அவர் இருந்திருந்தால் அவர் கையைத்தான் பிடித்திருப்பேன்.

கடலில் இறங்கும் நாளில் எங்களைச் சேர்த்தார். டைவிங்கில் யாரும் தனியாக இறங்குவதில்லை, ஆளுக்கொரு துணை கட்டாயம். குதிக்கும் முன் ஒருவர் கருவிகளை மற்றவர் சோதிக்க வேண்டும்: காற்றுச் சட்டை நிரம்புகிறதா, எடைக்கட்டிகள் சரியாக இருக்கின்றனவா, கொக்கிகள் அவசரத்தில் கழலுமா, சிலிண்டர் திறந்திருக்கிறதா. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை ஒவ்வொரு பட்டையையும் இழுத்துப் பார்த்து, என் சம்மதத்துக்காகக் காத்திருந்தது அன்றுதான். கீழே போனபின் வார்த்தை கிடையாது. கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்', நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல விரல்களால் வட்டம், உள்ளங்கையை ஆட்டினால் ஏதோ சரியில்லை. காற்றுத் தீர்ந்துவிட்டது என்று ஒருவர் கழுத்தருகே கையை வெட்டிக் காட்டினால், மற்றவர் தன்னிடமுள்ள உபரி மூச்சுக்குழாயை நீட்ட வேண்டும். ஒரே சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்சு வாங்கியபடி, ஒருவர் முன்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலேற வேண்டும். அதைப் பயிற்சியாகச் செய்யும்போதே எனக்குக் கண் கலங்கியது.

சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். 50 பாருக்கு இறங்கும் முன் மேலே வந்துவிட வேண்டும். பெரிய உடம்பு, பதற்றம், வேகமான துடுப்படி இருந்தால் காற்று சீக்கிரம் தீரும். நான் பயந்தவள் என்று எல்லோரும் நினைத்திருக்க, எனக்குக் காற்று நிறைய மிஞ்சியது. அவருக்குத்தான் முதலில் தீர்ந்தது. ஜோடியில் ஒருவருக்குத் தீர்ந்தால் இருவரும் மேலேற வேண்டும் என்பது விதி. பவளப்பாறை மேல் மஞ்சள் மீன்கூட்டம் திரும்பும் நேரத்தில் அவர் கட்டைவிரலை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். மறுநாளிலிருந்து அவர் மெதுவாக நீந்தினார், நாங்கள் கூடுதல் நேரம் கீழே இருந்தோம். கடைசியாக மூழ்கி எழுந்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பதை டிக்கெட் போடும்போதே நினைவில் வையுங்கள்.

சண்டையும் கணக்கும்

இந்தப் பயணத்தில் சண்டை வராமல் இருக்காது. பெரும்பாலும் நண்பகலில் வரும். வெயில், பசி, தோளில் பை, அறை இன்னும் கிடைக்கவில்லை. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எந்த முடிவும் எடுப்பதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் சாப்பாடு, நிழல், தண்ணீர் மட்டும். இன்னொரு ஏற்பாடு, வாரத்துக்கு ஓர் அரைநாளாவது தனித்தனியாகச் சுற்றுவது. அவர் ரயில் நிலையங்களைப் பார்க்கப் போவார், நான் சந்தைக்கு. மாலையில் சந்திக்கும்போது இருவரிடமும் சொல்லப் புதிதாக ஏதாவது இருக்கும். இருபத்து நான்கு மணி நேரமும் ஒன்றாகவே இருக்கும் தம்பதிக்கு அது மிகவும் தேவை.

உள்ளூர்ப் பணம் ஒரே பொதுப் பையில், கார்டுகள் வேறு வேறு வங்கியுடையவை, வேறு வேறு பைகளில். தாய்லாந்து ஏடிஎம்கள் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடித்துக்கொள்வதால், அடிக்கடி சிறு தொகை எடுப்பது வீண். ஸ்கூட்டர் எடுப்பதானால் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். அது இல்லாமல் விழுந்தால் பயணக் காப்பீடு கைவிரிக்கும். பங்ஙான் தீவின் ஹாட் ரின் சாலை செங்குத்தானது, கையிலும் முழங்காலிலும் கட்டுப் போட்ட இளைஞர்களைத் தினமும் காணலாம். பாஸ்போர்ட்டை அடகாகக் கொடுக்காதீர்கள். வண்டியை வாங்கும்போதே சுற்றிலும் வீடியோ எடுங்கள். ஒரு கடையில் பழைய கீறலுக்குக் காசு கேட்டார்கள், வீடியோவைக் காட்டியதும் பேச்சு நின்றது.

சேர்ந்து தங்க முடியுமா என்று மணமாகாத ஜோடிகளும் கேட்கிறார்கள். தாய்லாந்தில் பாஸ்போர்ட்டைத் தவிர எதுவும் கேட்பதில்லை. மலேசியாவின் ஷரியா சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும் பொருந்தும். இந்தத் தடத்தைத் தாண்டி இந்தோனேசியா வரை போகிறவர்களுக்கு: அங்கே 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டம் மணத்துக்கு வெளியே உறவைக் குற்றமாக்கினாலும், வாழ்க்கைத்துணை, பெற்றோர் அல்லது பிள்ளைகள் புகார் கொடுத்தால்தான் நடவடிக்கை.

பாங்காக், பிறகு காஞ்சனபுரி

தீவுகளிலிருந்து பாங்காக் போனால், காவ் சான் சாலையின் இரைச்சலில் தங்காமல் கால்வாய் ஓரம் தங்குங்கள். சென் செப் கால்வாய்ப் படகில் அலுவலகம் போகிறவர்களோடு நெருக்கியடித்து நின்று போனால் சில்லறைக் காசில் நகரத்தின் பின்புறம் முழுதும் தெரியும். சீலோம் சாலை மாரியம்மன் கோயில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது. இன்று அங்கே வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள்.

தமிழ்த் தம்பதிகள் அவசியம் போக வேண்டிய இடம் காஞ்சனபுரி. தோன்புரி நிலையத்திலிருந்து தினமும் புறப்படும் சாதாரண ரயிலில் விசிறியும் திறந்த சன்னலும். வெளிநாட்டவருக்கு 100 பாட். ஆற்றோரம் பாறையை ஒட்டி மரத்தூண்கள் மேல் ரயில் ஊர்ந்து போகும் தாம் கிராசே வளைவைப் படமெடுக்கக் கூட்டம் சன்னலுக்குப் பாயும். அந்தப் பாதைதான் சயாம் மரண ரயில் பாதை. 1942-43-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் போட்டது. 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் உழைத்தார்கள், அவர்களில் 12,000-க்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஏற்றிவரப்பட்ட தமிழர்கள் பெருந்தொகை.

ஊர் நடுவே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேருக்குப் பெயரும் வயதும் பொறித்த கல், வெட்டிச் சீராக்கிய புல். காலராவில் மடிந்து காட்டிலேயே புதைக்கப்பட்ட நம்மவர்களுக்கு அப்படித் தனித்தனிக் கல் இல்லை. இந்தப் பாதையைப் பற்றி 1957-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலப் படத்தில் அவர்கள் கதையும் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் போன்றவற்றில்தான் அவர்களைத் தேட வேண்டும். கிளம்பும் முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள். ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூட்டிப் போகப்பட்டவர்களில் கணவனை இழந்தவர்கள், மனைவி எங்கே என்று தெரியாமலே போனவர்கள் உண்டு. அந்த ரயிலின் சன்னலோரம் நாங்கள் இருவரும் ஒன்றும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தோம்.

இந்தத் தடம் இருபது வயதுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல். அறுபதைக் கடந்த ஆஸ்திரேலிய, ஐரோப்பிய ஜோடிகள் இதே ரயிலிலும் படகிலும் தாராளமாகத் தென்படுகிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் கிளம்பும் நம் தம்பதிகளும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பையை ஏழு கிலோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், மலிவு விமானங்களில் கைப்பைக்கு அவ்வளவுதான் அளவு. மூட்டு வலி உள்ளவர்கள் இரவு ரயிலில் மேல் படுக்கைக்கு ஏணி ஏற வேண்டாம். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் நடைபாதைக்கு இருபுறமும் எதிரெதிராக இரண்டு கீழ்ப் படுக்கைகள் கேளுங்கள். பண்டிகைக் காலங்களில் அவைதான் முதலில் தீர்ந்துபோகும், அதனால் சில வாரங்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.